மூணு நிமிஷ அம்மா

அவள் எத்தனை முறை செத்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. வெள்ளத்தில் போயிருக்கிறாள், காட்டுத்தீயில் போயிருக்கிறாள், பெயர் தெரியாத ஏதோ காய்ச்சல் வந்து, தலைமுடி கலையாமல், புன்னகையோடும் போயிருக்கிறாள். ஒரு படத்தில் மகாராணி, ஒரு படத்தில் அணில், ஒரு படத்தில் நத்தை. நத்தையைக் கொல்வதற்கு என்ன அவசரமோ தெரியவில்லை, அதையும் முதல் காட்சியிலேயே முடித்துவிட்டார்கள்.

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். அதிலும் அம்மாக் குரல். அம்மா என்றால் படம் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் "தைரியமா இருக்கணும் செல்லம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட வேண்டும். அதன்பிறகு அப்பாவும் பிள்ளையும் மலை ஏறுவார்கள், கடல் தாண்டுவார்கள், பூதத்தோடு சண்டை போடுவார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் பெயரே 'மூணு நிமிஷம்' என்று ஆகிவிட்டது. "மூணு நிமிஷம் வந்தாச்சா? டீ சொல்லுங்கப்பா" என்பார்கள். அவளும் சிரிப்பாள். செத்துப் பிழைத்தவர்கள் ஊரில் நிறைய உண்டு, சாவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்பாள்.

நாற்பது வயது தாண்டியதும் பதவி உயர்வு வேறு கிடைத்தது. காலையில் செத்த அம்மா, மதியம் சித்தி. அதே குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் சித்தி. செத்தால் தெய்வம், உயிரோடு இருந்தால் பிசாசு. நடுவில் சாதாரணமாக ஒருத்தி நின்று, மூக்கைச் சிந்தி, "சாப்பிட வாங்க" என்று கத்துகிற படம் ஒன்றுகூட அவள் கைக்கு வந்ததில்லை.

இந்தச் சிரிப்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றுபோனது.

அவள் மகளை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. அன்று வாண்டு கூடத்துத் தரையில் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் காரியமாக அம்மா பொம்மையை எடுத்தாள். மஞ்சள் சட்டை போட்ட, ஒரு கை தளர்ந்த பொம்மை. அதைச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடியைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"ஏய், அதை ஏன்டி உள்ள தள்றே?"

"அது செத்துப் போச்சும்மா."

"எப்போ?"

"இப்போதான். கதை ஆரம்பிக்கணும்ல?"

"அது சாகாம ஆரம்பிச்சா என்ன?"

வாண்டு அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அம்மா இருந்தா எங்கயும் போக விடாதும்மா. பல்லு தேய்ச்சியா, தலை துவட்டினியான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் கதை எப்படி வரும்?"

வாண்டுவின் அப்பா பஸ் டிரைவர். மறுநாள் போட வேண்டிய காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் குலுங்கிச் சிரித்தார். "சரியாத்தானே சொல்றா."

"உங்களுக்கென்ன, சிரிக்க மாட்டீங்களா? உங்களை எங்க வெச்சிருக்கான்னு பாருங்க."

அப்பா பொம்மை விளையாட்டு லாரியின் முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "நான் வண்டி ஓட்டணும்ல" என்றார் அவர்.

"ஆமா. படத்துல அப்பா ஒரு முட்டையைக் கருக்கினா தியேட்டரே உருகுது. அதே முட்டையை நான் கருக்கினா, 'இன்னிக்குக் கவனம் எங்க இருந்துச்சு'ன்னு கேக்கறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு காலரை மறுபடி தேய்த்தார். அது ஏற்கெனவே தேய்த்த காலர்.

அவளும் அப்போது சிரித்துத்தான் வைத்தாள். பாத்திரம் கழுவ நின்றபோதுதான் துக்கம் வந்தது. அம்மா செத்தால்தான் பிள்ளைக்குக் கதை என்று இவளுக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடமா, பக்கத்து வீடா? இல்லை. படம் படமாக, அவள் குரலே போய் அவள் பிள்ளையின் காதில் ஓதியிருக்கிறது. துக்கம் போய்க் கோபம் வந்தது. இனிமேல் சாகிறதாவது, பார்க்கலாம் ஒரு கை என்று குழாயை மூடினாள்.

பார்க்கும் நாளும் சீக்கிரமே வந்தது.

புதுப் படம் ஒரு நீர்நாய்க் குடும்பத்தைப் பற்றியது. அப்பா, அம்மா, ஒரு பையன் குட்டி. இந்த மாதிரிப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. படத்தை வரைந்துவிட்டுக் குரல் சேர்ப்பதில்லை. முதலில் குரலைப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வரைகிறவர்கள் வாயை அசைப்பார்கள், புருவத்தைத் தூக்குவார்கள், வாலைக்கூட ஆட்டுவார்கள். குரல் சிரித்தால் படம் சிரிக்கும், குரல் செத்தால் படமும் சாகும்.

குட்டிக்குப் பேசிக்கொண்டிருந்த சிறுவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'செல்லம்' என்றால் காற்றுதான் வந்தது. "உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்களேன்" என்று இயக்குநர் கேட்டார். வாண்டு குதித்த குதியில் கட்டில் பலகை ஒன்று விரிசல் விட்டது. அவள் பேசிய மாதிரிப் பதிவு எல்லாருக்கும் பிடித்துப்போய், அம்மாவும் மகளும் சேர்ந்து பேச வேண்டிய காட்சிக்கு நாளும் குறித்தார்கள்.

அன்று வாண்டுவை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவள் வசனத்தாளை வாங்கிப் படித்தாள். முதல் காட்சி. ஆற்றில் வெள்ளம். அம்மா நீர்நாய் மூழ்கிச் சாகிறது.

ஒரு முறை படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"சார், நீர்நாய் எப்படி சார் தண்ணியில மூழ்கிச் சாகும்?"

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இயக்குநர் இருந்தார், ஒலிப்பதிவாளர் இருந்தார். அந்த ஒலிப்பதிவாளரைக் 'காது' என்று கூப்பிடுவார்கள், அடுத்த அறையில் வயிறு கத்தினாலும் சொல்லிவிடுவார். வரைகிற பெண் ஒருத்தியும் தொடையில் பலகையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணியிலயே குடித்தனம் பண்ற பிராணி. மீன்குஞ்சுக்கு நீச்சல் தெரியாம போச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

வரைகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கில் வந்துவிட்டது. பாவம், அவளும் பின்னணிக்கு ஆறு, அலை, சுழல் எல்லாம் வரைந்து முடித்திருந்தாள். அத்தனை பேர் கை மாறி வந்த கதை. அம்மா என்றதும் எழுதினவர் கை தானாகவே வெள்ளம் என்று எழுதியிருக்கிறது. படித்தவர்கள் கண்ணும் தானாகவே ஈரமாகியிருக்கிறது. ஒருத்தருக்கும் நீர்நாய் ஞாபகம் வரவில்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. தன் கதையைத் தானே சொல்லித் தானே கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர். எதில் மாட்டினாலும் கழுவுற மீனில் நழுவுற மீன். டீயை ஒரு வாய் குடித்தார்.

"சரி. பாறை."

"என்ன பாறை?"

"மேல இருந்து ஒரு பாறை உருண்டு வருது. அம்மா மேல விழுது. முடிஞ்சது."

"சார், நான் வெள்ளத்தை மாத்தச் சொல்லல. அது ஏன் சாகணும்னு கேக்கறேன்."

அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "யோசிச்சுப் பாருங்க மேடம். அம்மா இருந்தா அது குட்டியை மலைக்கு அந்தப் பக்கம் போக விடுமா? விடாது. போகலைன்னா கதை எங்க?"

வாண்டு சொன்ன அதே வார்த்தை. வாண்டுவாவது ஏழு வயசுக்காரி, இந்த ஆளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவளுக்குக் காதோரம் சூடு ஏறியது. எழுந்து போய்விடலாம். ஆனால் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் வாண்டு காலை ஆட்டிக்கொண்டு, "அப்பா, மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு சேர்ந்து அவள் பேசப்போகும் முதல் நாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. நடுவில் இரண்டு மைக். வாண்டுவுக்கு எட்டாததால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன் மேல் நிறுத்தினார்கள். பக்கத்தில் வசனத்தாள் வைக்கிற இரும்புத் தாங்கி. இரண்டு தடவை பேசிப் பார்த்தார்கள். குட்டி அழ வேண்டிய இடத்தில் வாண்டு "ஊஊ" என்று ஊளையிட்டாள். ஒலிப்பதிவாளர் காதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இயக்குநர் வாண்டுவை உள்ளே விட்டுவிட்டு அவளை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"பாப்பா நல்லாப் பேசுறா. அழுகை மட்டும் பொய்யா இருக்கு. எனக்கு நிஜ அழுகை வேணும். ஒண்ணு பண்ணலாம். பாப்பாவைக் கண்ணை மூடிக்கச் சொல்றேன். நீங்க கடைசி வரியைச் சொல்லிட்டு, சத்தமே இல்லாம கதவைத் திறந்து வெளிய வந்துடுங்க. நான் விளக்கை அணைச்சிடுவேன். அவ கண்ணைத் திறந்தா இருட்டு. கூப்பிடுவா. நீங்க பதில் சொல்லக் கூடாது. ஒரே நிமிஷம். அந்த ஒரு 'அம்மா' கிடைச்சாப் போதும் மேடம், படம் ஓடிடும்."

"சின்னப் புள்ள சார்" என்று காது முணுமுணுத்தார். முணுமுணுத்துவிட்டுத் தன் பொத்தான்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில், வாயைத் திறந்தால் என்ன வந்து விழும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. உள்ளே போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். வாண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், மூக்குவரை சுருங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் செத்தாள். இதுவரை செத்ததிலேயே நல்ல சாவு அதுதான். தொண்டையில் மூச்சு தேய்ந்தது, சொல் பாதியில் உடைந்தது. "அம்மாவுக்கு முடியலடா... நீ தைரியமா இருக்கணும் செல்லம்..." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரைகிற பெண் மூக்கை உறிஞ்சினாள். இயக்குநர் கையால் கதவைக் காட்டினார்.

செருப்பு இல்லாத காலோடு அவள் கதவுவரை நடந்தாள். கைப்பிடியில் கை வைத்தாள். விளக்கு அணைந்தது.

"அம்மா?"

அது குட்டி நீர்நாயின் குரல் இல்லை. வீட்டில், காலையில் எழுந்ததும் பாதித் தூக்கத்தில் கூப்பிடுகிற குரல்.

"அம்மா? எங்க இருக்கே?"

கைப்பிடி சில்லென்று இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வெளியே போய்விட்டால் படம் ஓடும், இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், பெரிய திரையில் அந்த 'அம்மா'வைக் கேட்டு ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் பக்கத்து சீட்டைத் தடவிப் பார்க்கும். என் பிள்ளையின் பயத்தை எடுத்து உன் படத்துக்குத் தாளிக்கணுமா? போய்யா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, இருட்டிலேயே மைக்குக்குத் திரும்பி வந்தாள்.

"இங்கதான்டி இருக்கேன், பாறைக்கு அடியில. என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? கையில ஏதாவது எடு!"

இருட்டில் வாண்டுவின் மூச்சு பெரிதாக வந்தது. பயம் போன மூச்சு. "நீ சாகலையா?"

"ஒரு பாறைக்கெல்லாம் சாவாங்களா? கட்டை ஏதாவது கிடக்கும் பாரு. எடுத்து நெம்பு!"

வாண்டு மரப்பெட்டியிலிருந்து குதித்தாள். கைக்கு அகப்பட்டது அந்த இரும்புத் தாங்கி. அதை இழுத்த இழுப்பில் தரை கிரீச்சிட்டது. "கனமா இருக்கும்மா!"

"கனமாத்தான் இருக்கும். பாறைன்னா பஞ்சா? அடியில குடு. ம், தள்ளு!"

"ம்ம்ம்... ம்ம்ம்ம்... அசையுது! அசையுதும்மா!"

"விடாதே!"

"தலை வந்துடுச்சு! வால் மாட்டிக்கிச்சு!"

"பாத்து இழுடி, பிச்சிடாதே! இருக்கிறதே ஒரு வால்!"

வாண்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். இருட்டில் இரண்டு பேரும் இல்லாத பாறையைத் தள்ளி, இல்லாத வாலை இழுத்து, தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மைக் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானாம்மா?" என்றாள் வாண்டு. குரலில் மெல்ல ஒரு ஏமாற்றம் வந்தது. "நீதான் இருக்கியே. இனி நான் மலைக்கு அந்தப் பக்கம் போக முடியாதுல்ல?"

இது வசனத்தாளில் இல்லாத கேள்வி. ஆனால் பதில் மட்டும் எப்போதிருந்தோ தயாராக இருந்தது போல வந்தது.

"ஏன் போக முடியாது? போ."

"நிஜமாவா?"

"உன்னைப் போகச் சொல்ல நான் சாகணுமா என்ன? இருந்துக்கிட்டே சொல்றேன். போயிட்டு வா. பூதத்தைப் பாத்தா நான் கேட்டதாச் சொல்லு. எனக்கும் ஒரு வேலை இருக்கு, இந்தப் பாறையை யார் உருட்டினதுன்னு மேல போய்ப் பாக்கணும்."

"அப்பா?"

"அப்பா வீட்டைப் பாத்துப்பாரு. மீனைக் கருக்காம இருந்தாச் சரி."

விளக்கு எரிந்தது. இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோபமே படாத மனிதர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மேடம், இது என் படமா, உங்க படமா? 'டி'ங்கறீங்க, அது பையன்! அம்மா மேல போகுது, அப்பா வீட்டுல இருக்கு, என்ன இதெல்லாம்?"

"கதை சார்" என்றாள் வாண்டு, தரையில் உட்கார்ந்தபடியே. "அம்மா இருந்துச்சு. கதையும் வந்துடுச்சு."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். சாவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"வேற குரல் வெச்சு சாகடிச்சுக்கறேன்."

"தாராளமா. என் குரல்ல மட்டும் இனி எந்த அம்மாவும் சாகாது. சித்தியும் கெட்டவளா இருக்க மாட்டா. இன்னொண்ணும் சொல்லிட்டுப் போறேன் சார். பிள்ளையை இருட்டுல விட்டுட்டு ஓடச் சொன்னீங்களே, அப்படி ஓடுறவளுக்கு அம்மான்னு பேர் வெச்சா, அந்தப் படத்தை உங்க பேரப்பிள்ளைக்கு நீங்களே பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டுங்க."

வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். வாண்டுவுக்கு அந்தக் கவலை ஏதுமில்லை, வழியெல்லாம் பார்க்கிற கல்லையெல்லாம் நெம்பிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் காது போனில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். விளக்கை அணைத்த இயக்குநர் பதிவை அணைக்கச் சொல்லவில்லையாம், அதனால் காதும் அதை அணைக்கவில்லையாம். வரைகிற பெண் அதைக் கேட்டு, வால் மாட்டிக்கொள்கிற இடத்தை மட்டும் வரைந்து ஓட்டிக் காட்டினாளாம். அறையே விழுந்து விழுந்து சிரித்ததாம். இயக்குநரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக எழுந்து வெளியே போய்விட்டாராம்.

"என்ன முடிவு பண்ணியிருக்காரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. ஆனா வேற அம்மாக் குரலும் தேடல. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை இறங்கி வந்தா..."

"இறங்க மாட்டேன்னு சொல்லுங்க. உயிரோட வேணும்னா வரேன். சாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். வாண்டு தரையில் பொம்மைகளைப் பரப்பியிருந்தாள். கதை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அப்பா பொம்மை அடுப்புக்கு முன்னால் நின்றது. குட்டிப் பொம்மை நாற்காலி மலையில் பாதி ஏறியிருந்தது. அம்மா பொம்மையை மட்டும் எங்கும் காணவில்லை.

அவளுக்குப் பக்கென்றது. மண்டியிட்டுக் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுச் செருப்புப் பெட்டியை இழுத்தாள். மூடியைத் திறந்தாள். பெட்டி காலி.

"அம்மா பொம்மை எங்கடி?"

வாண்டு தலையைத் தூக்கவில்லை. குட்டியை மலையில் இன்னும் ஒரு படி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அது வேற கதைக்குப் போயிருக்கும்மா. சாயங்காலம் வந்துடும். நீ சும்மா சும்மா கூப்பிடாதே."